கழுத்தில் தொங்கும் தராசு

ஒரு மாநாட்டு வேலை முடிந்து தானா ராத்தாவில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போனபோது, கழுத்தில் கிடந்த அட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன். பாட்டிதான் முதலில் பார்த்தார்.

"என்னா சாமி அது, கழுத்துல?"

"அட்டை பாட்டி. மாநாட்டுல குடுத்தது."

"எங்க காலத்துல அட்டை கால்லதான் ஏறும். இப்ப கழுத்துக்கே வந்துருச்சா?"

முப்பது வருடத்துக்கு மேல் கேமரன் மலையில் கொழுந்து எடுத்தவர். காட்டு ஓரத்து நிரைகளில் நின்று கெண்டைக்காலில் உப்பும் புகையிலையும் தேய்த்துப் பழகிய தலைமுறை. அவருக்கு அட்டை என்றால் ரத்தம் குடிக்கிற அட்டைதான். நானும் சிரித்துவிட்டுக் கழற்றி மேசையில் வைத்தேன். அந்த அட்டைக்குள் ஓடுகிற நிரலில் ஒரு பகுதி நான் எழுதியது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அன்று காலை மாநாட்டு மண்டபத்தின் சமையலறையில் நடந்த ஒன்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்த அட்டையைப் பற்றிய விமர்சனம். நாவலையும் கவிதைத் தொகுப்பையும் பேசுகிற இடத்தில் ஒரு மின்னணுக் கருவிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கருவியும் எழுதுகிறது என்பதே என் பதில். யார் எங்கே நின்றார், யாரோடு பேசினார், எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்று அது விநாடிக்கு விநாடி எழுதிக்கொண்டே இருக்கிறது. எழுதப்பட்ட எதையும் நாம் கேட்கிற கேள்விகளை இதனிடமும் கேட்கலாம். இதை எழுதுவது யார், வாசிப்பது யார், எழுதப்படுகிறவருக்கு அதை வாசிக்க வழி உண்டா?

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். பார்க்க அடையாள அட்டை மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் தடிமன். உள்ளே ஒரு சில்லு, நாணயம் போல ஒரு பேட்டரி, அசைவை உணரும் ஓர் உணரி, புளூடூத் ஆன்டெனா. அட்டை சில விநாடிகளுக்கு ஒருமுறை "நான் இந்த எண்" என்று காற்றில் அறிவிக்கும். மண்டபத்தின் சுவர்களிலும் தூண்களிலும் ஒட்டிவைத்த ரிசீவர்கள் அதைக் கேட்கும். எந்த ரிசீவருக்குச் சத்தம் பலமாகக் கேட்கிறதோ அதன் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று கணினி ஊகிக்கும். அவ்வளவுதான் அறிவியல். மாலையில் ஏற்பாட்டாளருக்கு ஒரு வண்ண வரைபடம் போகும். எந்த அமர்வில் கூட்டம் இருந்தது, எந்த அரங்கில் மக்கள் நின்றார்கள், எந்த உரையின் நடுவில் எழுந்து போனார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும்.

ஊகம் என்ற சொல்லைத் தெரிந்துதான் போட்டேன். மனித உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். புளூடூத் ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். நீங்கள் ரிசீவருக்கு முதுகு காட்டித் திரும்பினால் போதும், கணினி உங்களைச் சில மீட்டர் தள்ளி நிறுத்திவிடும். கூட்டம் கூடக்கூடப் பிழையும் கூடும். இந்தத் துறையில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். வண்ண வரைபடத்தைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. அதில் ஒரு புள்ளி எப்போதும் ஒரு புள்ளியாகத்தான் இருக்கும். "அநேகமாக இங்கே" என்று அது சொல்வதில்லை.

இந்தக் கருவிக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் 1989-க்கும் 1992-க்கும் இடையே ராய் வான்ட், ஆண்டி ஹாப்பர் முதலானோர் 'ஆக்டிவ் பேட்ஜ்' என்ற ஒன்றைச் செய்தார்கள். 15 விநாடிக்கு ஒருமுறை அகச்சிவப்பு ஒளியில் தன் எண்ணைச் சொல்லும் சட்டைப்பை அட்டை. கைப்பேசி பரவாத காலம். யாருக்காவது தொலைபேசி வந்தால் அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று வரவேற்பாளருக்குத் தெரிய வேண்டும். அதற்காகத் தொடங்கியது. ஆனால் அதன் மென்பொருளில் ஒருவரைத் தேடும் கட்டளையோடு, அவர் யாரோடு இருக்கிறார் என்று கேட்கும் கட்டளையும், கடந்த ஒரு மணி நேரத்தில் எங்கெல்லாம் போனார் என்று கேட்கும் கட்டளையும் சேர்ந்தே வந்துவிட்டன. போன் இணைப்புக்கு இந்தக் கடைசி இரண்டும் தேவையே இல்லை. வசதி இருந்தது, எழுதினார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன் என்பதால் அவர்களைக் குறை சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

அவர்களுக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே அட்டை மாட்டியவர்களும் திரையைப் பார்த்தவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். நீ என்னைத் தேடலாம், நானும் உன்னைத் தேடலாம். அட்டையை மேசை இழுப்பறையில் போட்டு மூடினால் அது தானாகவே மௌனமாகிவிடும், இருட்டில் பேட்டரியை மிச்சம் பிடிக்கிற மாதிரி வடிவமைத்திருந்தார்கள்.

1990-களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுக்கூடத்தில் ரிக் போரோவோயும் நண்பர்களும் வேறு மாதிரி யோசித்தார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் சில கேள்விகளுக்கான பதிலை அட்டையில் ஏற்றிக்கொள்வார்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்றால், அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அட்டையிலிருக்கும் சிறு விளக்குகள் பச்சையாகவும் சிவப்பாகவும் காட்டும். அட்டை சொல்வதை எதிரே நிற்பவர் பார்ப்பார், அவர் அட்டை சொல்வதை நீங்கள் பார்ப்பீர்கள். பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு. இன்றைய மாநாட்டு அட்டைகளை விற்பவர்கள் "அறிமுகங்களை உருவாக்கும் கருவி" என்று விளம்பரம் செய்யும்போது இந்தக் குழந்தைத்தனமான அழகைத்தான் கடன் வாங்குகிறார்கள். பொருளைக் கையில் கொடுக்கும்போது விளக்குகளைக் காணோம். விளக்குகளின் இடத்துக்கு ஏற்பாட்டாளரின் அறிக்கை வந்துவிட்டது.

2006 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கணினிக் கழகத்தின் கூட்டத்தில் 'ஸ்புட்னிக்' என்ற அட்டையை விரும்பியவர்கள் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டார்கள். தங்களைத் தாங்களே கண்காணிக்க விட்டு, கண்காணிப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கான பரிசோதனை அது. வடிவமைப்பும் எல்லோருக்கும் திறந்தே இருந்தது. அதே ஓப்பன்பீக்கன் தொழில்நுட்பத்தை வைத்துத்தான் 'சோசியோபேட்டர்ன்ஸ்' என்ற ஆய்வுக்குழு பின்னால் மாநாடுகளிலும் பள்ளிகளிலும் மருத்துவமனையிலும் மனிதர்கள் எப்படி நெருங்கிப் பழகுகிறார்கள் என்று அளந்தது. உடல் அலையைத் தடுக்கும் என்று மேலே சொன்னேனே, அந்தக் குறையையே இவர்கள் பலமாக்கினார்கள். நெஞ்சில் மாட்டிய இரண்டு அட்டைகள் முகத்துக்கு முகம் நின்றால் மட்டும் ஒன்றையொன்று கேட்கும். 20 விநாடிக்கு ஒரு கணக்கு. தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று புரிந்துகொள்ள இந்தத் தரவு உதவியது. ஆகவே அட்டை என்றாலே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை.

இன்னொரு உதாரணம் எனக்குப் பிடித்தது. எம்.ஐ.டி.யின் அலெக்ஸ் பென்ட்லண்ட் குழு அசைவையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் முகநெருக்கத்தையும் பதியும் அட்டைகளை ஒரு வங்கியின் அழைப்பு மைய ஊழியர்களிடம் கொடுத்தது. பேசிய சொற்கள் பதிவாகவில்லை. ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நேரம் கூடுகிற குழுக்களே நன்றாக வேலை செய்கின்றன என்று தெரிந்தது. அதனால் ஒவ்வொருவராக அனுப்பிவந்த காப்பி இடைவேளையை, குழுவாகச் சேர்ந்து போகும்படி மாற்றச் சொன்னார்கள். வேலை வேகம் கூடியது என்று பென்ட்லண்ட் 2012-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார். சும்மா உட்கார்ந்து பேசுவது வேலைக்கு நல்லது என்று இயந்திரம் சாட்சி சொன்னது! அழகான முடிவுதான். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அந்த ஊழியர்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். அவர்கள் வாயால் சொன்னால் கோரிக்கை, அட்டை சொன்னால் கண்டுபிடிப்பு.

இதுவரை சொன்னது மேற்கின் வரலாறு. தமிழர் கழுத்தில் அட்டை தொங்கிய வரலாறு இதைவிடப் பழையது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப் போனபோது ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. அதில் தோட்டத்தின் பதிவு எண் அடித்திருக்கும், ஆளின் பெயர் இருக்காது. முகாமிலும் ரயிலிலும் கப்பலிலும் அந்த வில்லையைக் காட்டினால் போதும், செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும், ஆள் அந்தத் தோட்டத்துக்கே போய்ச் சேருவார். ஆங்கில ஆவணங்கள் இதை டின் டிக்கெட் முறை என்கின்றன. பொறியாளனாகப் பார்த்தால் கச்சிதமான வடிவமைப்பு. படிப்பறிவு தேவையில்லை, பேட்டரி தேவையில்லை, நனையாது, கிழியாது. செய்கிற வேலையும் இன்றைய அட்டையின் வேலைதான். சுமக்கிறவரை அவர் படிக்க முடியாத ஒரு கணக்கோடு இணைக்கிறது.

அதே இலங்கையில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தமிழ்ச் சொல்லே ஆங்கிலச் சட்டத்துக்குள் நுழைந்துவிட்ட உதாரணம். தொழிலாளியின் கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. அடுத்த தோட்டத்துக்காரர் அந்தத் தொகையைக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்வார், கடனும் ஆளோடு நகரும். 1921-இல் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். மலையகத் தோட்டத் தமிழில் ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர், கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பேர் என்பதே கணக்குப் புத்தகத்தின் ஓர் அலகாகிவிட்ட வாழ்க்கை.

மலாயாவில் தகர வில்லை பற்றி என் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் பெரட்டு உண்டு. விடியலுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும், கிராணி செக்ரோலில் பெயர் பெயராகக் கூப்பிடுவார். அந்தக் காலக் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது, அவர் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்களோ அத்தனைக்கு. உடம்புக்கு முடியாதவரையும் லயத்திலிருந்து இழுத்துவந்து வரிசையில் நிறுத்தியதற்கு இந்தக் காசும் ஒரு காரணம். ஓர் எண்ணிக்கையின் மேல் ஒருவருடைய வருமானம் தொங்கினால், அந்த எண்ணிக்கை யார் முதுகிலாவது ஏறும். ஜே. ஏ. ரசல் 1929-இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியபோது இந்த எண்ணுகிற பழக்கம் ரப்பர் தோட்டங்களில் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. மலைக்கு அது புதிதாக ஏறிவரவில்லை.

ஆனால் கேமரன் மலையில் இன்னொரு கருவியும் இருந்தது. தராசு.

பாட்டி சொன்ன கதை இது. கொழுந்துக் கூடையைச் சாலையோரம் கொண்டுவந்து தராசில் தொங்கவிடுவார்கள். முள் நகரும். கிராணி எடையைச் சத்தமாகச் சொல்லிப் புத்தகத்திலும் எழுதுவார், கையிலும் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார். கூடைக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள், அதில் தினமும் சண்டை வரும். ஒரு தடவை இரண்டு வாரமாக எல்லோருக்கும் எடை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பெண்களுக்குச் சந்தேகம். ஒருநாள் ஒருத்தர் மளிகைக் கடையிலிருந்து பிரிக்காத சீனி மூட்டை ஒன்றைத் தூக்கிவந்து, "மொதல்ல இத நிறுங்க கிராணி" என்று தராசில் மாட்டிவிட்டார். மூட்டையில் அச்சடித்த எடையைவிட முள் குறைவாகக் காட்டியது. கூடைகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் வேறு தராசு வந்தது.

நான்கு வருடம் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் அளவியல் படித்தேன். தெரிந்த அளவொன்றை வைத்துக் கருவியைச் சோதிப்பதைப் பாடத்தில் அளவுத்திருத்தம் என்றார்கள். அதைச் செய்ய வேண்டியவர் கருவிக்குச் சொந்தக்காரர் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். அளக்கப்படுகிறவர் செய்யலாம் என்பதைப் பாட்டியின் சீனி மூட்டையில்தான் படித்தேன். அந்தப் பெண்களால் அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம் எளிது. முள் அவர்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தது. சண்டை போடுகிற நேரத்தில் கூடையும் அங்கேயே இருந்தது, கிராணியும் அங்கேயே இருந்தார். தோட்ட வாழ்க்கையைப் புனிதமாக்க நான் விரும்பவில்லை. அந்தத் தராசும் சுரண்டலின் கருவிதான். ஆனால் எதிர்த்துக் கேட்கக்கூடிய கருவி.

இனி மாநாட்டு மண்டபத்துக்கு வருகிறேன்.

கேமரன் மலையில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் மாநாடு. எங்கள் நிறுவனம் அட்டைகளைக் கொடுத்தது. முதல் நாள் காலை, உணவு பரிமாறும் ஊழியர்களுக்கும் அட்டை வேண்டும் என்று ஏற்பாட்டுக் குழு கேட்டது. எந்தப் பக்கம் காப்பி தீர்கிறதோ அந்தப் பக்கம் ஆளை அனுப்ப வசதியாக இருக்கும் என்றார்கள். மிச்சம் இருந்த அட்டைகளைக் கொடுத்தோம். பெயர் அச்சடிக்க நேரமில்லை. 'பணியாளர் 1', 'பணியாளர் 2' என்று பேனாவால் எழுதி மாட்டிவிட்டோம்.

எங்கள் மென்பொருளில் நான் எழுதிய ஒரு சிறிய பகுதி உண்டு. ஓர் அட்டை பத்து நிமிடத்துக்கு மேல் அசையாமல் கிடந்தால் பட்டியலில் வந்துவிடும். யாராவது அட்டையை நாற்காலியில் மறந்துவிட்டுப் போனால் தேடி எடுப்பதற்காகச் செய்தது. ஓர் அட்டை தொலைந்தால் எங்களுக்கு நஷ்டம். அந்தப் பட்டியலின் தலைப்பு 'அசைவற்ற அட்டைகள்'. மாலை அறிக்கையில் அதுவும் ஒரு பக்கமாகப் போய்விட்டது. ஊழியர்களின் மேற்பார்வையாளர் கைக்குப் போனபோது அது சோம்பேறிகளின் பட்டியலாகிவிட்டது.

இரண்டாம் நாள் காலை சமையலறைப் பக்கம் போனேன். எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி வளர்ந்த அக்கா ஒருவர் அங்கே பரிமாறும் வேலையில் இருந்தார். முகம் இறுகிக் கிடந்தது.

"தம்பி, அந்தப் பொட்டி என்னயப் பத்தி என்னா எழுதுச்சு?"

"ஏன்க்கா?"

"நேத்து பதினேழு நிமிசம் சும்மா இருந்தேனாம். எல்லாரு முன்னாடியும் கேக்குறாங்க. நான் எப்ப தம்பி சும்மா இருந்தேன்?"

விசாரித்தால் விஷயம் இதுதான். கோப்பை கழுவும்போது கழுத்துக் கயிறு தொட்டித் தண்ணீரில் விழுகிறது என்று அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்திருக்கிறார். பதினேழு நிமிடம் கோப்பை கழுவியிருக்கிறார். ஓய்வெடுத்தது அட்டை.

மேற்பார்வையாளரிடம் போய் விளக்கினேன். கெட்ட மனிதர் இல்லை, "ஓ, அப்படியா, சரி சரி" என்றார். அக்காவிடமும் வந்து இரண்டு வார்த்தை சொன்னார். ஆனால் அறிக்கை முந்தைய இரவே மின்னஞ்சலில் நான்கைந்து பேருக்குப் போய்விட்டது. அதில் பதினேழு நிமிடம் அப்படியே இருக்கிறது. கோப்பை கழுவிய தகவல் எங்கேயும் இல்லை. அக்காவிடம் சீனி மூட்டையும் இல்லை, மாட்டிப் பார்க்கத் தராசும் இல்லை. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதற்கே தெரிந்த பையன் ஒருவன் தற்செயலாகச் சமையலறைக்கு வர வேண்டியிருந்தது.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தொலைந்த அட்டையைத் தேட எழுதியது, ஆளைப் பிடிக்கப் பயன்பட்டது. பெரிய அளவிலும் இப்படித்தான் நடக்கிறது. கோவிட் காலத்தில் சிங்கப்பூர் 'டிரேஸ்டுகெதர்' என்ற செயலியைக் கொண்டுவந்தது, 2020 ஜூனிலிருந்து முதியவர்களில் தொடங்கிக் கையடக்க வில்லை ஒன்றையும் கொடுத்தது. நோய்த்தொடர்பைக் கண்டறிய மட்டுமே என்று அப்போது சொல்லப்பட்டது. 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அந்தத் தரவைக் கேட்டுப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்திலேயே தெரிவிக்கப்பட்டது. மக்கள் கோபப்பட்டார்கள். அடுத்த மாதம் ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டுச் சுருக்கினார்கள். அங்கே நாடாளுமன்றம் இருந்தது, கேள்வி எழுந்தது, எல்லை வந்தது. ஹோட்டல் சமையலறையில் அதெல்லாம் யார் கேட்பது?

மலேசியாவில் 2013-இல் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தன் தரவைப் பார்க்கவும் திருத்தக் கேட்கவும் அது உரிமை தருகிறது. காகிதத்தில் இது நல்ல விஷயம். 'பணியாளர் 14' என்ற அட்டையை மாட்டியவர் அந்த உரிமையை எந்த அலுவலகத்தில், எந்த மொழியில், எந்த வேலை நேரத்தில் போய்க் கேட்பார்? இன்றைக்குத் தோட்டங்களில் கத்திரியும் இயந்திரமும் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அக்காவுக்காவது என்னைத் தெரியும்.

கியா ஃபார்ம் சந்தையில் முட்டைக்கோஸ் நிறுக்கிற தராசுக்கு அரசு முத்திரை வேண்டும், 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எங்கள் அட்டையின் பின்பக்கத்திலும் ஒரு முத்திரை உண்டு, தொலைத்தொடர்பு ஆணையத்தினுடையது. அலைவரிசை ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அது சான்று. அந்த அட்டை ஒரு மனுஷியின் பதினேழு நிமிடத்தைச் சரியாக எண்ணியதா என்று அந்த முத்திரை சோதிப்பதில்லை. முட்டைக்கோஸுக்குக் கிடைத்த மரியாதை அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

இங்கே எழுதுகிற, வாசிக்கிற நண்பர்களிடம் ஒரு குறை சொல்ல வேண்டும். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு' நாவலை நம்மில் பலர் படித்திருக்கிறோம். அதில் குளிரும் நோயும் அடியும் எவ்வளவு கொடுமையோ, அதே அளவு கொடுமை கணக்கு. வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன் மிஞ்சி நிற்கிறது, ஊர் திரும்ப முடியவில்லை. நாம் அந்த நாவலைப் பற்றிப் பேசும்போது துரையையும் மேஸ்திரியையும் பேசுகிறோம், கணக்குப் புத்தகத்தைப் பேசுவதில்லை. தோட்டக் கதை எழுதுகிற புதியவர்களும் கிராணிக்கு மீசை வைத்து, கையில் பிரம்பு கொடுத்து, வில்லனாக்கி முடித்துவிடுகிறார்கள். மீசைக்காரர் போய் ரொம்ப நாளாச்சு. புத்தகம் மட்டும் இருக்கிறது, இப்போது அது திரையாக மாறி, யாருடைய கையெழுத்தும் இல்லாமல் தானே எழுதிக்கொள்கிறது. வில்லன் இல்லாத இந்தக் கதையை எழுதுவது கடினம்தான். எழுதுகிறவர்கள் நம்மிடம் குறைவு. தொழில்நுட்பம் நம் எழுத்தில் வந்தால் ஒன்று அறிவியல் அதிசயமாக வருகிறது, இல்லையென்றால் உலகை விழுங்கும் பூதமாக வருகிறது. கோப்பை கழுவுகிற தொட்டிப் பக்கம் அது வருவதில்லை.

திரும்பிப் போன பிறகு அலுவலகத்தில் மூன்று மாற்றங்களைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அட்டை மாட்டுகிறவர் தன் பதிவைத் தானே பார்க்க வேண்டும். அறிக்கை வெளியே போகும் முன் அதில் பிழை இருந்தால் சொல்ல அவருக்கு வாய்ப்பு வேண்டும். விரும்பினால் அணைத்துவைக்க ஒரு பொத்தான் வேண்டும், அணைத்ததே ஒரு குற்றமாகப் பதிவாகக் கூடாது. முதலாவதை ஏற்றுக்கொண்டார்கள். அட்டையின் பின்னால் ஒரு கியூ.ஆர். குறியீடு அச்சடிக்கிறோம், கைப்பேசியில் காட்டினால் சொந்தப் பதிவு வரும். அதற்குப் பெரிய செலவு இல்லை. இரண்டாவது இன்னும் கூட்டத்தில் இருக்கிறது. மூன்றாவதை மறுத்துவிட்டார்கள். "பொத்தான் வெச்சா எல்லாரும் அணைச்சிடுவாங்களே" என்றார் என் மேலதிகாரி. அவர் அதை ஒரு தொழில்நுட்பச் சிக்கலாகத்தான் சொன்னார். அட்டை மாட்டியவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற ஆய்வு அந்த ஒரு வாக்கியத்திலேயே முடிந்துவிட்டதாக எனக்குப் பட்டது.

'அசைவற்ற அட்டைகள்' பட்டியலை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்கு யார் அனுமதியும் கேட்கவில்லை. நான் எழுதியது, நானே எடுத்தேன்.

போன மாதம் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் அக்காவைப் பார்த்தேன். சோளம் வாங்கிக்கொண்டு நின்றார். பழைய பதிவு எங்கள் சேமிப்பில் இன்னும் இருந்தது, கைப்பேசியில் திறந்து காட்டினேன். தேதி, நேரம், பதினேழு நிமிடம், எல்லாம் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தார்.

"இதுல எம்பேரே காணோமே தம்பி. பணியாளர் பதினாலுன்னுதான இருக்கு. அது நாந்தான்னு அவங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்த எண் யாருடையது என்று மேற்பார்வையாளர் கையால் எழுதிவைத்த பட்டியல்.

"செக்ரோல் மாதிரி ஒண்ணு இருந்துச்சுக்கா" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, சோளத்துக்குக் காசைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டார்.